உலைக்குப் போகும் பஸ்

இறங்கமாட்டேன். யாரும் இன்னும் இறங்கச் சொல்லவில்லை, ஆனாலும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், கேட்கிறபோது தடுமாறக் கூடாது பாருங்கள். இறங்கமாட்டேன். மாட்டேன் என்றால் மாட்டேன். பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது, ஜன்னல் கண்ணாடி முழுக்க மழை. சீனாவில் இந்த நிங்போவுக்கு வந்த நாளிலிருந்து இதே மழைதான், கொட்டித் தீர்க்கிறதுமில்லை, விடுகிறதுமில்லை. பிளம் பழுக்கிற பருவத்தில் எங்கள் ஊரில் இப்படித்தான் பெய்யும் என்று வழிகாட்டிப் பெண் லின் சொன்னாள், தன் வீட்டில் செய்த பலகாரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி. ஹோட்டல் வாசலில் இரண்டு பஸ். இது வார்ப்பு ஆலைக்குப் போகிறது, இரும்பை உருக்கி ஊற்றுவதைப் பார்க்க. பின்னால் நிற்கிற சின்ன பஸ் பட்டுக் காட்சிக்கூடத்துக்குப் போகிறது, புழு நூல் விடுவதைப் பார்க்க. இதில் பையன்கள், அதில் பெண்கள். நான் பெண், இதில் உட்கார்ந்திருக்கிறேன், நாலாவது வரிசை, ஜன்னலோரம், மடியில் பை, பையின் மேல் இரண்டு கை. ஏறி வருகிற ஒவ்வொருவனும் என்னைப் பார்க்கிறான், உடனே வேறெங்கோ பார்க்கிறான். பின் சீட்டிலிருந்து பரணிதரன் மட்டும் தலையை நீட்டி, "கௌசி, பஸ்ஸு மாறி ஏறிட்டியா?" என்றான். இல்லை என்றேன். "சார் பாத்தார்னா?" பார்க்கட்டும் என்றேன். அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். நல்ல பையன்தான், ஆனால் நல்ல பையன்கள் எல்லாம் இந்த மாதிரி நேரத்தில் தலையைத்தான் இழுத்துக்கொள்கிறார்கள்.

காலையில் சாப்பிடும்போதுதான் நாச்சிமுத்து சார் அதைச் சொன்னார். அவர்தான் எங்களை அழைத்து வந்திருக்கிற பேராசிரியர், உலோகவியலில் முனைவர், போகிற இடமெல்லாம் பருப்புப் பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லார் தட்டிலும் தட்டுகிறவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம். ஆவியில் வெந்த அந்த வெள்ளை பன்னை நான் பிட்டுக்கொண்டிருந்தேன், உப்புமில்லை புளிப்புமில்லை, உள்ளே ஒன்றுமேயில்லை, அப்போதுதான் அவர் பொடியைத் தூவிக்கொண்டே, "பொம்பளப் புள்ளைங்கெல்லாம் இன்னைக்கு லின்கூடப் பட்டுப் பாக்கப் போயிருங்க. பவுண்டரில ஒரே சூடு, புழுதி. அவங்க குடுக்கற பூட்சும் ஆம்பளைங்க சைசுதானாமா" என்றார். பெண்கள் மேஜையில் ஒரே சந்தோஷம். ஜெசிந்தா என் தொடையைக் கிள்ளினாள், அம்மாவுக்கு ஒரு புடவைத் துணி எடுக்கணும்டி, நீ பேரம் பேசு என்றாள். நான் பன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்ஸ் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் வேறொரு காரணம் சொல்லியிருப்பார், அதற்கும் நான் பதில் வைத்திருந்தால் இன்னொன்று, காரணங்களுக்கா பஞ்சம். அதனால்தான் பேசாமல் மாடிக்குப் போய் பூட்சை மாட்டிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். பேசினால்தானே வாக்குவாதம். உட்கார்ந்துவிட்டால் அது வேறு விஷயம், தூக்கித்தானே வெளியே போடவேண்டும்.

இரும்பு முனை வைத்த பூட்ஸ், சைஸ் ஐந்து, டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. யாருக்குங்க, தம்பிக்கா என்று கேட்டார் கடைக்காரர். எனக்கு என்றதும் பில் போடுகிறவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இதைப் பெட்டியில் வைக்க அம்மா கொடுத்த முறுக்கு டப்பாவை வெளியே எடுத்து வைத்தேன், அது இன்னும் என் அலமாரியில் இருக்கும். எதற்காக இவ்வளவு தூரம் சுமந்து வந்தேன்? பட்டுப்புழுவை மிதிக்கவா? ஊரில் இல்லாத உலையா என்று கேட்பார்கள். ஊரில் இருக்கிறது. எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கிறது. கோயமுத்தூர் கணபதியில் அப்பாவின் பவுண்டரி, தண்ணீர் மோட்டாருக்கான பம்பு உடம்பு வார்ப்பது, இடையில் ஒரு சுவர், சுவரில் ஒரு இரும்புக் கேட். அந்த மணலின் வாசனைதான் எனக்கு வீட்டு வாசனை. அச்சுக்குள் வைக்கிற மணல் கருவை, கோர் என்போம், அதைச் செய்கிற அக்காக்கள் மடியில் உட்கார்ந்து நானும் மணல் உருண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் ஊற்றுகிற நேரம் வந்தால் அந்த அக்காக்களும் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிடவேண்டும். உருகின இரும்பு இருக்கிற இடத்தில் பொம்பளை நிற்கக்கூடாது, நின்றால் உலை கோபித்துக்கொள்ளும். எங்கள் அம்மா, அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட ஊற்றுவதைப் பார்த்ததில்லை. டீ கொண்டுபோனால் கேட் வரைக்கும், கேட்டில் தட்டினால் ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். அந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகிறோம், அந்த இரும்பில்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார்கள், அது எப்படி இருக்கும் என்று மட்டும் எங்களுக்குத் தெரியக்கூடாது.

ஒரே ஒரு தடவை போனேன். ஆறாவது படிக்கிறேன், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கேட் திறந்து கிடக்கிறது. புத்தகப் பையோடு உள்ளே போய் மணல் குவியலுக்குப் பின்னால் நின்றேன். என்னத்தைக் கண்டேன், ஆம்பளைகளின் முதுகைக் கண்டேன். வியர்வையில் நனைந்த பனியன் முதுகுகள், வரிசையாக. முகத்தில் ஒரு அனல் அடித்தது, அவ்வளவுதான், அதற்குள் ஃபோர்மேன் ஆறுச்சாமி என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினார், யாரோ தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அது போகட்டும். நாலாம் நாள் லேத் பட்டறையிலிருந்து அந்தச் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது, கடைசலில் போட்டால் உள்ளே எல்லாம் ஓட்டை, ஊதுதுளை. வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆறுச்சாமி ஒரு பம்பு உடம்பைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, "அன்னிக்கு பாப்பா உள்ள வந்துருச்சுங்க, நாந்தான் பாத்தனே" என்றார். அப்பா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது அழுதிருப்பேன். சோப்புப் போட்டார், அலம்பினார், துண்டில் துடைத்தார், உள்ளே போய்விட்டார். அம்மா எலுமிச்சம்பழம் அறுத்துக் கேட்டுக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். அதற்கப்புறம் எப்போது சரக்குத் திரும்பி வந்தாலும் யாராவது ஒருவர் கண் என் பக்கம் வந்துவிட்டுப் போகும், நான் வீட்டிலேயே இல்லாத நாளாக இருந்தாலும். பெரியவளான பிறகு கேட்கவே வேண்டாம், கேட்டுக்கு உள்பக்கமும் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

அப்புறம் இதே நாச்சிமுத்து சார். மூன்றாம் வருஷம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு, பாதிப் பேர் தூக்கம். வார்ப்பில் ஊதுதுளை ஏன் விழுகிறது என்று கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதுகிறார். மணலில் ஈரம் அதிகம். காற்றுப் போக வழியில்லை. கோர் சரியாகக் காயவில்லை. இரும்பு போதிய சூடில்லை. உருகினதை ஏந்துகிற லேடில் உலரவில்லை. எழுத எழுத எனக்குத் தூக்கம் எல்லாம் போய்விட்டது. பலகையின் அடிவரைக்கும் படித்தேன், மறுபடியும் மேலிருந்து படித்தேன். பெண் என்று எங்கேயுமில்லை. புத்தகப் பையோடு மணல் குவியலுக்குப் பின்னால் நின்ற சிறுமி என்று எங்கேயுமில்லை. ஈரம். அன்றைக்கு முந்தின ராத்திரி மழை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, காலையில் என் ஷூ நனைந்து ஸ்லிப்பரோடு பள்ளிக்கூடம் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பவுண்டரிக் கூரை சீட்டில் அப்போது விரிசல், கீழே மணல். ஈர மணலில் உருகின இரும்பை ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி, போக வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதுதான் ஓட்டை, வேறு ஒரு மண்ணுமில்லை. வகுப்பில் எழுந்து நின்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை, குறிப்பு எழுதிக்கொண்டேன், நல்ல மாணவி. இதை எனக்குக் கற்றுக்கொடுத்த மனுஷன் இப்போது என்னைப் பட்டுப் பார்க்க அனுப்புகிறார். மற்ற யார் அனுப்பினாலும் பொறுத்திருப்பேன், சார், நீங்கள் அந்தப் பலகையில் எழுதினவர்.

பயமாக இல்லையா என்றால் பயமாகத்தான் இருக்கிறது. இன்டர்னல் மார்க் அவர் கையில், புராஜெக்ட் அவர் கையில், வைவாவில் எதிரே உட்காரப்போகிறவரும் அவரே. அடங்காப்பிடாரி என்று ஒரு பெயர் வந்துவிட்டால் கோயமுத்தூரில் அது எந்தக் கம்பெனி வாசலுக்கும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். எங்கள் சாதிசனத்திடம் அது இன்னும் வேகமாகப் போய்ச் சேரும். சீனாவுக்குப் போய் வாத்தியாரை எதிர்த்துப் பேசின பெண்ணாமே. ஆமாம், அதே பெண்தான். பின் பஸ்ஸிலிருந்து ஜெசிந்தா கண்ணாடியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையாட்டுகிறாள், வாடி என்று உதட்டை அசைக்கிறாள், நான் தலையாட்டினேன், வரவில்லை என்று. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குப் பட்டுப் பிடிக்கும், போகட்டும், பட்டில் என்ன குற்றம், எனக்கும் ஒரு முழம் வாங்கி வரட்டும். டிரைவர் கண்ணாடிப் போத்தலில் தேயிலை மிதக்கிற வெந்நீரை உறிஞ்சிக்கொண்டு என்னைக் கண்ணாடியில் பார்க்கிறார். லின் ஏறினாள், மஞ்சள் கொடியை இடுக்கிக்கொண்டு தலைகளை எண்ணினாள், எண்ணிக்கொண்டே வந்தவள் என்னிடம் நின்றாள். நீ அந்தப் பஸ் அல்லவா என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் இந்தப் பஸ் என்றேன். என் காலைப் பார்த்தாள், பூட்சைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது, ஆனால் அவள் வேலை அவளுக்கு, இறங்கிப் போய் சாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

குடையை மடக்கிக்கொண்டு அவர் படியேறி வந்தார், மூக்குக் கண்ணாடியெல்லாம் மழைத்துளி. "ஏம்மா, அந்தப் பஸ்ஸு கெளம்பப் போகுது, நீ இங்க உக்காந்திருக்கறே?" என்றார். நான் பவுண்டரிக்கு வருகிறேன் சார் என்றேன். "காத்தாலயே சொன்னனில்ல." பூட்ஸ் இருக்குதுங்க சார், நானே வாங்கிட்டு வந்தேன் என்று காலை நீட்டிக் காட்டினேன். அவர் பூட்சைப் பார்த்தார், பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, கோபமில்லை, கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகம் மாதிரி. என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மிணி, பூட்சு இல்ல விசயம். உங்கப்பா கெளம்பறதுக்கு முன்னாடியே எனக்குப் போன் பண்ணிட்டாருங்கம்மா. எங்க வேணா கூட்டிட்டுப் போங்க சார், உருக்கற எடத்துக்கு மட்டும் பாப்பா வேண்டாம்னு சொன்னாரு. உன்னைய மட்டும் தனியா நிறுத்துனா நல்லாவா இருக்கும்? அதான் பொம்பளப் புள்ளைங்க எல்லாத்தையும் அங்க அனுப்பிச்சேன்."

எல்லாத்தையும். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பஸ்ஸில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஜெசிந்தாவின் அப்பா தூத்துக்குடியில் மீன் ஏலம் எடுக்கிறவர், அவருக்கு உலையும் தெரியாது, அதன் கோபமும் தெரியாது. அந்த ஐந்து பேரையும் எங்கள் வீட்டுக் கேட் தாழ்ப்பாள் போட்டு நிறுத்தியிருக்கிறது, கடல் தாண்டி வந்து. அப்பா எப்போது பேசியிருப்பார்? விமான நிலையத்தில் என் தலையில் கை வைத்து, நல்லா எல்லாத்தையும் பாத்துட்டு வா சாமி என்றாரே, அதற்கு முன்னாலா பின்னாலா? எல்லாத்தையும் என்றாரே. பெட்டி எடை போடும்போது என்ன இவ்வளவு கனக்குது என்று கேட்டு, புத்தகம் என்று நான் சொன்னதும் தலையாட்டினாரே, அப்போதே அவர் வாய்க்குள் இது இருந்ததா? சிரிப்பு போய் நெஞ்சு எரிந்தது. எனக்காகத்தான் செய்தார், பாசம், தெரியும். அந்தப் பாசத்தைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு ஒரு தடவை என்னிடம் நேரே கேட்டிருக்கலாம். நாச்சிமுத்து சாரும் பாசம்தான். எல்லாரும் பாசமாகப் பிடித்துத்தான் வெளியே தள்ளுகிறார்கள். "எறங்குமா" என்றார் சார். "மாட்டேங்க சார்" என்றேன். வாய்க்குள் அத்தனை தடவை சொல்லிப் பார்த்ததில் ஒரு பிரயோஜனம், தடுமாறவில்லை.

அவர் வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். இங்கே வாட்ஸப் ஓடாது என்று கிளம்புவதற்கு முன்பே எல்லா அப்பா அம்மாவையும் வீசாட் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு நான்தான் ஏற்றிக் கொடுத்தேன், எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்று நானே விரல் பிடித்துக் காட்டினேன். மணி ஒலிக்கிறது. அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும், முதல் உருக்கு இறங்குகிற நேரம், எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுத்துவிட்டார். முகம் முழுக்கக் கரி, நெற்றியில் கண்ணாடி, பின்னால் பர்னஸ் இரைச்சல். "என்னங்க சார், பாப்பாவுக்கு என்ன?" அந்தப் பதற்றத்தைக் கேட்டதும் ஒரு நொடி நான் இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன், உள்ளதைச் சொல்கிறேன். "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்குது. பவுண்டரி பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டு எறங்க மாட்டேங்குது" என்று சார் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அப்பா என்னைப் பார்த்தார். "எறங்கிரு சாமி. சார் சொல்றாரில்ல." மாட்டேங்ப்பா என்றேன். இரைச்சலில் காதில் விழாத மாதிரி, "என்ன?" என்றார். "மாட்டேன்னு சொன்னேங்ப்பா." பஸ் மொத்தமும் கேட்டது, கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "அதெல்லாம் நீ பாக்கற எடமில்ல சாமி, சொன்னாக் கேளு." அப்போது வாயில் வந்தது நான் யோசித்து வைத்திருந்தது இல்லை. "அன்னைக்கு மணல் ஈரங்ப்பா. ராத்திரி மழ பேஞ்சுச்சு. கூரை ஒழுகுச்சு. சரக்குப் போனது என்னால இல்லீங்ப்பா." எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்காது, விளக்கவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவர் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "தெரியுஞ் சாமி" என்றார்.

தெரியுமா? எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை, அவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும், ஒரு பிடி மணலைக் கையில் அழுத்திப் பார்த்தே ஈரம் சொல்கிறவர் அல்லவா. அன்றைக்கே தெரியும். குழாயடியில் கை கழுவும்போதே தெரியும். ஆறுச்சாமி அந்தப் பம்பைத் தூக்கிக் காட்டினபோது, பாப்பா ஒண்ணும் பண்ணலைடா, மணல் ஈரம்டா, நான் பார்க்காமல் விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலாளி மேல் போகவேண்டிய பழி ஆறாவது படிக்கிற பெண் மேல் போனது, அவருக்கு அது சௌகரியமாக இருந்தது, விட்டுவிட்டார். கோபம் என்றால் இப்போதுதான் கோபம், சார் கையிலிருந்த போனைப் பிடுங்கி எடுத்துக்கொண்டேன். அப்பா ஏதோ சொல்ல வந்தார், சாமி என்று ஆரம்பித்தார். அதற்குள் அவருக்குப் பின்னால் ஆறுச்சாமி குரல், "மெட்டல் ரெடிங்க முதலாளி, எறக்கிறலாமுங்களா?" அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பின்னால். லேடிலில் இறக்கிவிட்டால் இரும்பு யாருக்காகவும் காத்திருக்காது, மகளுக்காகவும்தான். அது எனக்கும் தெரியும். "போங்கப்பா, ஆறிரப் போகுது. நீங்க போயி ஊத்துங்க. நா இங்க பாத்துக்கறேன்" என்றேன். அவர் போனை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஓடினார், நிறுத்தக்கூட இல்லை, நிறுத்துகிற பொத்தானை நான் சொல்லிக்கொடுக்க மறந்திருக்கிறேன்.

மல்லாந்து கிடந்த போனில் பவுண்டரிக் கூரை தெரிந்தது. ஒட்டுப் போட்ட பழைய சீட்டு, தொங்குகிற ஒரு வயர். பர்னஸ் சாய்கிற முனகல், மெல்ல மெல்ல என்கிற ஆறுச்சாமியின் குரல், அப்பாவின் ஒரு அதட்டல். அப்புறம் அந்தச் சீட்டு நிறம் மாற ஆரம்பித்தது, ஓரத்தில் லேசாகச் செம்மை, பின் மஞ்சள், பின் கூரை முழுவதும் வெளிச்சம் ஓடி அசைந்தது. பரணிதரன் சீட்டின் மேல் எக்கிப் பார்த்தான், இன்னும் இரண்டு மூன்று தலைகள் வந்தன. நாச்சிமுத்து சாரும் குனிந்து பார்த்தார், அவர் முகத்தில் நிம்மதி வந்தது, வழி கிடைத்துவிட்ட நிம்மதி. "பாரும்மா, உங்கப்பாவே காட்டறாரு பாரு" என்றார் சந்தோஷமாக. "நல்லாப் பாத்துக்க. இதுலயே பாத்தாச்சில்ல, இப்ப எறங்கிக்கலாமில்ல?" எனக்குப் பார்க்கவேண்டும் போலத்தான் இருந்தது, கண்ணை எடுக்கவே முடியவில்லை. கூரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். கறுத்துப்போன போனைத் துப்பட்டாவில் துடைத்து சாரிடம் நீட்டினேன். "டிரைவரைக் கதவைச் சாத்தச் சொல்லுங்க சார், நேரமாச்சு" என்றேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூப்பிட்டுச் சொல்ல அதற்குமேல் ஆளில்லை என்பது அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. குடையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார், திரும்பாமலேயே, கீழே நின்ற லின்னிடம் கிளம்பலாம் என்று கையை அசைத்தார். கதவு மூடிக்கொண்டது, பஸ் கிளம்பியது. நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன்.